கன்டெய்னர் பெட்டியை வயலுக்குக் கொண்டு சேர்த்தல்

கப்பலில் சரக்கேற்றும் கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டியை இன்று அறியாதார் இலர். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று. கடற்பயணத்துக்கு இனி உதவாதெனக் கழிக்கப்பட்ட பெட்டிகள் நம் துறைமுக நகரங்களில் விலைக்குக் கிடைக்கின்றன. களையெடுக்கும் கருவி, விசைத் தெளிப்பான், எண்ணெய் எஞ்சின் முதலியவற்றைப் பூட்டி வைக்க இடமின்றித் தவிக்கும் உழவர் குழுக்கள் இவற்றை நாடுவது இயல்பே. சுவர் எழுப்ப வேண்டியதில்லை. கூரை போட வேண்டியதில்லை. வந்து இறங்கிய அன்றே பூட்டிக்கொள்ளலாம். ஆனால், வந்து இறங்குவது எங்ஙனம் என்பதை முன்கூட்டி எண்ணிப் பார்ப்போர் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராக இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள நம்முடைய வட்டாரத்தில் ஒரு குழுவினர் 20 அடிப் பெட்டி ஒன்றை வாங்க முடிவு செய்தனர். அதை வைக்க வேண்டிய இடம் தார்ச் சாலையிலிருந்து இரண்டு பர்லாங் தூரத்தில், ஒரு வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. சித்திரை மாதத்தில் நாம் நேரில் சென்று பாதையைப் பார்த்தோம். தரை கல்லைப்போல் இறுகிக் கிடந்தது. “தாராளமாகப் போகும்” என்று சொல்லிவிட்டு வந்தோம். பணம் திரட்டிப் பெட்டி வந்து சேர்ந்ததோ ஐப்பசியில். லாரி ஓட்டுநர் வாய்க்காலின் மேலுள்ள குழாய்ப் பாலத்தைக் கண்டதும் மறுத்துவிட்டுச் சாலையோரத்திலேயே பெட்டியை இறக்கினார். மறுநாள் வாடகைக்கு ஒரு கிரேன் வந்தது. அதன் பின்சக்கரம் ஏறியதும் குழாய் நொறுங்கி வாய்க்கால் அடைபட்டது. அன்றிரவு பெய்த மழையில் தண்ணீர் வடிய வழியின்றி, நட்டு இருபது நாளே ஆன சம்பாப் பயிர் மூன்று நாள் மூழ்கிக் கிடந்தது. அவ்வயல்களுக்கு உரியவர்கள் குழுவில் உறுப்பினர்களுமல்லர். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது நமக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இதிலிருந்து நாம் அறிந்துகொண்டது யாதெனின், பெட்டி ஒரு பெரும் பாரமன்று. அதைத் தூக்க வரும் வண்டியே பாரம். 20 அடிப் பெட்டியின் அகலம் 8 அடி, உயரம் 8 அடி 6 அங்குலம். வெறும் பெட்டியின் எடை ஏறக்குறைய இரண்டேகால் டன். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று இதைவிடக் கூடுதலாகச் சுமக்கும். கிரேனோ தன் எடையிலேயே இதைப்போல் பல மடங்கு. மேலும், கிரேனின்மேல் எழுதியுள்ள டன் கணக்கு, பாரம் வண்டிக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். கையை நீட்டி வாய்க்காலுக்கு அப்பால் இறக்க முயன்றால் அதன் வலிமை வெகுவாகக் குறைந்து, வண்டியே கவிழவுங் கூடும்.

ஆதலின் கடைசி இரண்டு பர்லாங்குக்குக் கிரேன் வேண்டாம் என்பதே நம் கருத்து. சாலையோரம் கிடந்த அப்பெட்டியை அறுவடை முடிந்து, வாய்க்கால் வற்றிய பின், பங்குனியில் குழுவினரே நகர்த்தினர். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுவதால், மாசி முதல் வைகாசி நடுப்பகுதி வரை நமக்கு இதற்கேற்ற காலமாகும். பெட்டியின் நான்கு மூலைகளையும் ஜாக்கியால் ஒவ்வொன்றாக உயர்த்தி, நீளவாட்டில் இரண்டு கனமான மரச்சட்டங்களைக் கொடுத்து, அவற்றின் கீழே பருத்த இரும்புக் குழாய்களை உருளைகளாக வைத்தனர். தரையில் பலகை பரப்பி, பின்னே விடுபடும் குழாயையும் பலகையையும் எடுத்து முன்னே போட்டுக்கொண்டே சென்றனர். வறண்ட வாய்க்காலில் மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் பனந்தடிகளை நெருக்கமாகப் பரப்பி வழி செய்தனர். பொதுப்பணி வாய்க்காலாயின் நீர்வளத் துறையின் அனுமதி பெற்றே இது செய்யத்தக்கது. வேலை முடிந்த அன்றே யாவற்றையும் அகற்றிவிட வேண்டும். தேர் இழுத்துப் பழகிய ஊர் அது. சரிவில் முட்டுக்கட்டை போடுவோருக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஏதுமில்லை. இழுத்தது ஒரு டிராக்டர்தான்.

டிராக்டர் இழுக்கையில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். கயிற்றைத் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியிலேயே பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுநர்மேல் பின்புறமாகக் கவிழும். கம்பிவடம் அறுந்தால் சாட்டைபோல் வீசுமாதலால் அதன் நேர்க்கோட்டில் எவரும் நிற்றல் கூடாது. சிறுவரை வேடிக்கை பார்க்கவும் விடலாகாது.

மின்கம்பியைப் பற்றியும் கூற வேண்டும். லாரியின்மேல் ஏற்றிய பெட்டி தரையிலிருந்து 13 அடிக்கு மேல் நிற்கும். சாலையைக் குறுக்கே கடக்கும் கம்பிகள் 5.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென விதியுண்டு. ஆனால் வயல்வெளியில் செல்லும் காப்புறையற்ற கம்பிக்கு 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி, இருந்தால் போதும். கம்பம் சாய்ந்த இடங்களில் அதுவும் இராது. கம்பியின் உயரத்தை மூங்கிற்கழி கொண்டு நாமே அளக்கப் புகுவது உயிருக்கு உலையாகும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு முன்கூட்டி எழுதி, அவர்களைக் கொண்டே அளந்து, வேலை நடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தித் தரக் கேட்டுக்கொள்வதே முறை.

பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் எந்த லாரியில் அனுப்புவார் எனக் கேட்டறிக. 40 அடி டிரெய்லர் நம் ஊர்த் திருப்பங்களில் திரும்பாது. குட்டை லாரிதான் வேண்டும். கதவு ஒரு முனையில் மட்டுமே உள்ளது. அது எத்திசை நோக்க வேண்டுமென முடிவு செய்து, அதற்கேற்ப லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். வயலுக்குள் கொண்டுபோய்த் திருப்புவது ஒரு நாள் வேலை.

பெட்டி அமரும் இடத்தில் நான்கு மூலைகளுக்கும் கான்கிரீட் திண்டு கட்டி, வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துதல் நலம். ஒரு மூலை தாழ்ந்தாலும் சட்டம் கோணிக் கதவு பிடித்துக்கொள்ளும். தளப்பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். அதன் விவரம் கதவில் அறைந்துள்ள தகட்டில் இருக்கும். வெயிலில் உள்ளே அனல் வீசும். ஆகையால் கருவிகளை வைக்கலாமேயன்றி, விதைநெல்லை வைத்தலாகாது. வைத்தால் முளைப்புத்திறன் கெடும். நம் குழுவினர் விதைநெல்லை இன்றும் பழைய குதிரில்தான் வைத்திருக்கின்றனர்.