சுவரில் ஓர் உலகம்

தெய்வப் படம், தலைவர் படம், நாட்காட்டி: நம் வீட்டுச் சுவர்களில் வழிவழியாக இடம் பெற்று வருபவை இவை. அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் உலகப் படம். பெங்களூரின் புதிய அடுக்குமாடி வீடுகளில் குழந்தைகளின் அறைக்குள் நுழைந்தால், கட்டிலுக்கு மேலே வண்ண வண்ணக் கண்டங்கள் நம்மை வரவேற்கின்றன. ஆப்பிரிக்காவில் சிங்கம், ஆஸ்திரேலியாவில் கங்காரு, நம் நாட்டின் மீது ஒரு யானை!

வரவேற்கத்தக்க வழக்கந்தான். ஆயினும், படத்தை மாட்டிவிட்டோம், இனிக் குழந்தை தானாகவே உலகத்தைக் கற்றுக்கொள்ளும் என்று பெற்றோர் இருந்துவிடுவது, அகராதியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மொழி வந்துவிடும் என்று காத்திருப்பதைப் போன்றது. சுவரில் தொங்கும் உலகப் படம் நல்ல ஆசிரியர். ஆனால் கேட்டாலன்றி வாய் திறவாத ஆசிரியர். அது மட்டுமன்று, சில செய்திகளைத் தவறாகவே சொல்லும் ஆசிரியரும்கூட. அவரிடம் எதைக் கேட்பது, எதை ஐயுறுவது என்ற இரண்டையும் குழந்தைக்குச் சொல்லித் தருவது நம்மைப் போன்ற மூத்தவர்களின் கடமை.

பார்த்துப் பழகுவதன் பயன்

முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகத்தில் உள்ள படத்தைத் தேர்வுக்கு முதல் நாள் பார்க்கிறோம். சுவரில் உள்ள படத்தையோ நாள்தோறும் பார்க்கிறோம். எந்த நாட்டுக்கு அருகில் எந்தக் கடல், எந்தக் கண்டத்துக்கு வடக்கே எந்தக் கண்டம் என்பன மனப்பாடம் செய்யாமலே மனத்தில் பதிகின்றன. வீதியின் பெயரைக் கேட்டதும் வழி தெரிவதுபோல, செய்தியில் ஒரு நாட்டின் பெயரைக் கேட்டதும் கண் அந்த இடத்துக்குச் செல்கிறது.

அளவு பற்றிய உணர்வும் இவ்வாறே வளர்கிறது. பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகவே ஒரு மீட்டர் அகலமுள்ள உலகப் படத்தில், அந்த ரேகையின் மீது ஒரு சென்டிமீட்டர் என்பது 400 கி.மீ. ஆகும். பெங்களூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு சுமார் 290 கி.மீ. நாம் இரவெல்லாம் பேருந்தில் கடக்கும் தொலைவு, அப்படத்தில் ஏழு மில்லிமீட்டர்தான்! சுண்டு விரல் நகத்தில் அடங்கிவிடும். இதைக் கேட்ட குழந்தை உலகம் எவ்வளவு பெரியது என்பதை வேறு யாரும் விளக்காமலே உணரும்.

இவ்விரண்டு ஊர்களைக் கொண்டே இன்னொரு வினாவும் எழுப்பலாம். இரண்டும் ஏறத்தாழ 13 பாகை வட அட்ச ரேகையிலேயே இருக்கின்றன. அவ்வாறிருக்கச் சென்னையில் வியர்க்கிறது. பெங்களூரில் குளிர்கிறதே, ஏன்? தாத்தா வீட்டுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தைக்கும் அனுபவத்தில் தெரிந்த வேறுபாடு இது. விடையோ படத்தில் இல்லை; பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகிறது. சாதாரண உலகப் படம் உயரத்தைச் சொல்வதில்லை. படத்துக்குத் தெரியாதது உண்டு என்று குழந்தை கற்கும் முதற்பாடமாக இது அமையட்டும்.

உருண்டை தட்டையானால்

இரண்டாம் பாடம் இதனினும் முக்கியமானது. ஆரஞ்சுப் பழத்தோலை உரித்து மேசையின் மேல் தட்டையாக விரித்துப் பாருங்கள். ஒன்று அது கிழியும். இல்லையேல் இழுபட்டு உருமாறும். கிழியாமலும் இழுபடாமலும் விரிக்க எவராலும் இயலாது. வளைந்த பரப்பின் இயல்பே அது என்பதைக் கார்ல் ஃப்ரெட்ரிக் காஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை 1827-இல் நிறுவினார். காகிதத்தில் அச்சிட்ட உலகப் படங்கள் யாவும் ஏதோ ஒருவகையில் பிழைபட்டவையே. எந்தப் பிழையை ஏற்பது, எதைத் தவிர்ப்பது என்பதில்தான் படத்துக்குப் படம் வேறுபாடு.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரிதும் பரவிய உலகப் படத்தின் மூலம் மெர்க்காட்டர் 1569-இல் 18 தாள்களில் வெளியிட்ட படமாகும். அவர் அதைக் குழந்தைகளுக்காக வரையவில்லை, மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் செல்லும் கப்பலின் பாதை அப்படத்தில் நேர்கோடாக அமையும். கடலோடிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நிலப்பரப்புகள் பெருத்துக்கொண்டே போகும். 60 பாகை அட்ச ரேகையில் நீளம் இரு மடங்காகிறது; பரப்போ நான்கு மடங்காகிறது. துருவத்தை அந்தப் படத்தில் காட்டவே முடியாது. அதற்கு முடிவற்ற உயரமுள்ள தாள் வேண்டும்!

பெரியது எது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறுவர்களிடம் ஒருமுறை இந்தப் படத்தைக் காட்டி, "இந்தியா பெரிதா, கிரீன்லாந்து பெரிதா?" என்று கேட்டேன். அனைவரும் ஒரே குரலில் "கிரீன்லாந்து" என்றார்கள். கண்ணால் கண்டதைத்தானே சொல்வார்கள்! உண்மை என்ன? கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21 லட்சத்து 66 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு 32 லட்சத்து 87 ஆயிரம். அதாவது நம் நாடு கிரீன்லாந்தைப் போல் ஒன்றரை மடங்கு பெரியது. ஆப்பிரிக்காவோ மூன்று கோடிச் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது; கிரீன்லாந்தைப் போல் பதினான்கு மடங்கு. மெர்க்காட்டர் படத்தில் அவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாகத் தோன்றுகின்றன.

விடையைச் சொன்னதும் அவர்களில் ஒரு சிறுவன், "அப்போ இந்த மேப் பொய் சொல்லுதா, அண்ணா?" என்று கேட்டான். நான் வேண்டியதும் அந்தக் கேள்விதான். பொய் என்று சொல்லிவிட முடியாது. மாலுமிக்கு மெய்யானது, பரப்பை ஒப்பிட விரும்புவோருக்குப் பொய்யாகிறது. கருவி ஒன்று, வேலை வேறு.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. பெரிதாகத் தோன்றுவது முக்கியமானது என்று எண்ணுவது மனித இயல்பு. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகள் சிறுத்தும், வடக்கே உள்ள நாடுகள் பெருத்தும் தோன்றும் ஒரு படத்தைப் பத்தாண்டுகள் பார்த்து வளரும் பிள்ளையின் மனத்தில், தன் நாட்டைப் பற்றியும் ஆப்பிரிக்காவைப் பற்றியும் என்ன எண்ணம் ஊன்றும்? இந்த வினா இன்று உலக அரங்கிலும் எழுந்திருக்கிறது. பரப்பளவை விகிதம் மாறாமல் காட்டும் பீட்டர்ஸ் படத்தை 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகள் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தன. 2018-இல் 'ஈக்குவல் எர்த்' என்னும் இன்னொரு சமபரப்புப் படம் உருவாக்கப்பட்டது. மெர்க்காட்டருக்கு மாற்றாக இத்தகைய படங்களைக் கைக்கொள்ளக் கோரும் இயக்கத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2025-இல் ஆதரவு அளித்தது. ஆனால் நாம் கைபேசியில் அன்றாடம் பார்க்கும் இணைய வரைபடங்கள் பலவும் இன்னும் மெர்க்காட்டரின் வழிவந்தவையே.

நேர்வழி எது?

தட்டைப் படம் தரும் மற்றொரு மயக்கம் வழியைப் பற்றியது. பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்குவழி எது என்று கேட்டால், படத்தைப் பார்க்கும் குழந்தை கிழக்கே பசிபிக் கடலைக் காட்டும். அல்லது மேற்கே அட்லாண்டிக் கடலைக் காட்டும். பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. வடக்கே ஏறிச் சைபீரியாவைக் கடந்து, வட துருவ வட்டத்தையும் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கும்! 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று, பெண் விமானிகள் மட்டுமே செலுத்த, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து, ஏறத்தாழ 14,000 கி.மீ. கடந்து 11-ஆம் நாள் பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் அதற்குத் தலைமை தாங்கினார். சுவர்ப் படத்தை மட்டும் நம்பியிருக்கும் குழந்தைக்கு அந்தப் பயணம் ஒரு புதிர். நூல் பிடித்துப் பார்த்த குழந்தைக்கு அது எளிய செய்தி.

அளந்தவர்கள்

படம் தானாக முளைத்ததன்று. மனிதர் காலால் நடந்து, கையால் அளந்து ஆக்கியது. இதையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. வில்லியம் லாம்டன் என்பவர் 1800-இல் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோடு அளந்தார். பின்னர் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே, ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளக்க 57 நாட்கள் ஆயின! அதைக் கொண்டு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணி வளர்ந்தது. குன்றுகள் இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808-இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்றது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை, தாமே அதைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். ஒரு கோட்டின் பின்னே இத்தனை உழைப்பு உண்டு என்றறிந்த பிள்ளை, படத்தைச் சுவர் அலங்காரமாக மட்டும் பார்க்குமோ?

நாம் செய்ய வேண்டியவை

படத்தைக் குழந்தையின் கண்மட்டத்தில் மாட்டுக. விரல் எட்டாத உயரத்தில் உள்ள உலகம் யாருக்கும் பயன்படாது. இயன்றால் சமபரப்புப் படமாகத் தேர்ந்தெடுக்க. பக்கத்திலேயே ஒரு சிறு பூகோள உருண்டையையும் வைக்க. மெல்லிய தாளை உருண்டையின் மேல் வைத்து இந்தியாவையும் கிரீன்லாந்தையும் வரைந்து, கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் செய்க. எப்போதேனும் ஒருநாள் படத்தைத் தலைகீழாகவும் மாட்டுக. வானவெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. வடக்கு மேலே இருப்பது நாம் ஏற்படுத்திக்கொண்ட வழக்கமே என்பது புரியும்.

நம் மக்கள் சென்ற வழிகளையும் படத்தில் நூலால் காட்டலாம். 1860 அக்டோபரில் சென்னையை விட்டுப் புறப்பட்ட 'டுரூரோ' கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்காக 300-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அந்த நூலுக்கு அருகே, தன் தந்தையோ தாத்தாவோ தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு வந்த ஏழு மில்லிமீட்டர் வழியையும் குழந்தை காணட்டும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர். உலகமே அப்படி நடமாடி வாழ்ந்ததுதான் என்ற எண்ணம், அயலாரை மதிக்கும் பண்பைத் தானே வளர்க்கும்.

குழந்தைக்குத் தனியறை எல்லா வீடுகளிலும் இராது. நம்மிற் பலர் ஓரறை வீட்டில் வளர்ந்தவர்களே. ஆனால் உலகப் படத்துக்குத் தனியறை தேவையில்லை; ஒரு சுவர் போதும். சுவரைவிட மேலாக, அதன் முன்னே பத்து நிமிடம் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் அண்ணனோ அக்காளோ வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, தம்பி தங்கையருக்கு இம்முறை தின்பண்டத்தோடு ஓர் உலகப் படத்தையும் வாங்கிச் செல்லுங்கள். மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "இதில் எது சரி, எது சரியில்லை, கண்டுபிடி பார்க்கலாம்!" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.