தகவல் துளி: கண்டத்தைப் பிளந்த கொட்டை

2002-இல் வெளிவந்த ‘ஐஸ் ஏஜ்’ படத்தைப் பார்த்தவர்கள், ஓக் கொட்டையோடு மல்லுக்கட்டும் ஸ்கிராட் என்ற அணிலை மறந்திருக்க மாட்டார்கள். இடையிடையே தலைகாட்டிச் சிரிக்கவைத்த அந்த அணிலுக்காக, அதே ஆண்டிலேயே தனிக் குறும்படம் ஒன்று வந்தது. பெயர் ‘கான் நட்டி’. இயக்கியவர் கார்லோஸ் சல்டான்யா. ஐந்து நிமிடம்தான் கதை.

மரப்பொந்து நிறையக் கொட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறது ஸ்கிராட். நடுவில் ஒரே ஓர் இடம் காலி. கடைசிக் கொட்டையை அங்கே வலுக்கட்டாயமாகத் திணிக்க, மொத்தச் சேமிப்பும் பீறிட்டு வெளியே கொட்டுகிறது. முடிவில், வானத்திலிருந்து விழும் ஒற்றைக் கொட்டை தாக்கி நிலமே பிளந்து, கண்டங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன!

வசனமே கிடையாது. ஸ்கிராட்டின் கீச்சொலிக்கும் முனகலுக்கும் குரல் தந்தவர், ‘ஐஸ் ஏஜ்’ இயக்குநர் கிறிஸ் வெட்ஜ். சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இது இடம்பிடித்தது.

இதைத் தயாரித்த புளூ ஸ்கை ஸ்டுடியோ 2021-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு, அதன் முன்னாள் கலைஞர்கள் வெளியிட்ட சிறு காட்சியில், ஸ்கிராட் ஒருவழியாக அந்தக் கொட்டையைத் தின்றே விட்டது!