கூச்சத்தை அளக்கும் ஏழு கேள்விகள்

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. எடை பார்க்கத் தராசு இருக்கிறது. தன் பிறப்புறுப்பைப் பற்றி ஒரு பெண்ணின் மனத்தில் ஒளிந்து கிடக்கும் கூச்சத்தை எதைக்கொண்டு அளப்பது?

அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு! அமெரிக்காவில் இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த டெப்ரா ஹெர்பெனிக், மைக்கேல் ரீஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2010-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள்.

மொத்தம் ஏழே அம்சங்கள். உறுப்பின் தோற்றம் திருப்தி தருகிறதா? அதை எண்ணி வெட்கம் உண்டாகிறதா? டாக்டர் பரிசோதிக்கத் தயக்கமின்றிச் சம்மதிக்க முடியுமா? இந்த ரீதியில் அவை செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகக் குறைந்த மார்க் 7. மிக அதிகம் 28. மார்க் ஏற ஏற மனநிறைவும் அதிகம் என்று பொருள்.

எது சரியான அளவு?

“மற்றப் பெண்களைப்போல் நான் இல்லையோ?” என்பதே பலருடைய கவலை. சத்திர சிகிச்சை செய்து திருத்திக்கொள்ளக் கிளம்புகிறவர்களும் உண்டு.

மற்றப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? லண்டன் டாக்டர்கள் 50 பெண்களை அளந்து, 2005-ல் விவரம் வெளியிட்டார்கள். உள் இதழின் நீளம் ஒருத்திக்கு 20 மில்லிமீட்டர், இன்னொருத்திக்கு 100! அகலம் 7 முதல் 50 வரை. 41 பேருக்கு அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருந்தது. அத்தனையும் இயற்கையே.

வித்தியாசத்தால் ஆபத்தில்லை. புண், அரிப்பு, இரத்தப்போக்கு இருந்தும் வெட்கத்தால் டாக்டரிடம் மறைப்பதுதான் ஆபத்து. ஏழு கேள்விகளில் டாக்டரைப் பற்றிய கேள்விக்கு, ஒவ்வொரு பெண்ணும் தனக்குள்ளாவது பதில் சொல்லிப் பார்க்கலாம்.