பட்டரி வகை அறியும் சார்ஜருக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?

ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை, ஆட்டோ பட்டரியும் வாவித் தோணிகளின் விளக்குப் பட்டரியும் பழுதுபார்க்கும் கடைகளில் கெட்டிக்காரப் பொடியன்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர் எந்த வகைப் பட்டரி என்று தானே அறிந்து ஏற்றும் சார்ஜரைச் செய்துவிடுகிறார். உடனே பேஸ்புக்கில் வீடியோ, பிறகு கண்காட்சி. அதிகாரி சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார். "விண்ணப்பம் போட்டாச்சா தம்பி?" என்று மட்டும் கேட்பதில்லை.

அப்படியொரு சார்ஜர் தேவைதான். மூன்று செல் லித்தியம் பட்டரி 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். ஈய அமிலப் பட்டரிக்கான 14.4 வோல்ட் சார்ஜரை அதில் கொழுவினால் செல்லுக்கு 4.8 வோல்ட், தாங்குவது 4.2தான். பாதுகாப்புச் சர்க்கியூட்டும் இல்லையென்றால் ஊதும், தீப்பிடிக்கும்.

ஆனால் தேவை என்பதற்காகப் பேட்டன்ட் கிடைக்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புதுமையோடு கண்டுபிடிப்புத் திறனையும் கேட்கிறது. அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கே தோன்றக்கூடியது என்றால் தள்ளுபடி. வோல்ட்டேஜை அளந்து வகை பிரிப்பது, தெர்மிஸ்டரால் சூடு பார்த்து நிறுத்துவது, நிக்கல் பட்டரி நிறையும்போது வோல்ட்டேஜ் சற்று இறங்குவதைப் பிடிப்பது எல்லாம் பழைய வித்தைகள். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் மட்டும் போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில் இதே போக்கில்தான் தீர்ப்பளித்தது. "இலங்கையில் ஒருத்தரும் செய்யேல்லையே" என்பதும் எடுபடாது. உலகில் எங்கு வெளியாகியிருந்தாலும் கணக்கில் வரும்.

ஆகவே முதலில் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இணையத் தேடுதளங்கள் இரண்டிலும் தேடுங்கள், இரண்டும் இலவசம். அங்கே அகப்படாத பகுதியை மட்டும் உரிமைக் கோரிக்கையாக எழுதுங்கள். சேர்க்கையால் எதிர்பாராத பலன் வந்திருந்தால், அளவீடுகளை விவரணத்திலேயே சேருங்கள்.

விண்ணப்பம் கச்சேரிக்கு அல்ல, கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு. வேண்டுகைப் படிவம், விவரணம், உரிமைக் கோரிக்கை, தேவையான வரைபடம், சுருக்கம் ஆகியவை வேண்டும். தேடல் அறிக்கைக்கும் ஏற்பாடு செய்யவேண்டும்; அதன் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கிடைத்தால் காலம் 20 ஆண்டு. ஆண்டுக் கட்டணத்தைத் தவறவிட்டால் அதற்கு முன்பே போய்விடும்.

கடைசியாக ஒன்று: வீடியோவுக்கு முன்னால் விண்ணப்பம். நீங்களே வெளியிட்டதற்கு நம் சட்டம் ஓராண்டு விட்டுக்கொடுக்கும். ஐரோப்பா விட்டுக்கொடுக்காது. வெளிநாட்டிலும் உரிமை வேண்டுமென்றால், இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பிக்க வேண்டும்.