பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுக் கணிப்பாளரின் பணி

காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி) என்பவர், வருங்காலத்தில் நேரக்கூடிய இழப்பைக் கணிதம், புள்ளியியல் ஆகியவற்றின் துணையோடு மதிப்பிட்டு, அதற்கேற்ற காப்பீட்டுக் கட்டணத்தைக் கணிப்பவர் ஆவார். ஆயுள், மருத்துவம், வாகனம் எனப் பல பிரிவுகளில் இவர்கள் பணியாற்றுகின்றனர். இவர்களது கணக்கு உழவரை நேரடியாகத் தொடும் இடம் பயிர்க் காப்பீடு.

கட்டணக் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்திலுள்ள மலைக்கிராமம் நாட்றாம்பாளையம். இப்பகுதியில் கேழ்வரகு மானாவாரிப் பயிராக விளைகிறது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, காரீப் பருவ உணவுப் பயிருக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடு. ஆனால் இழப்பு அபாயத்துக்கேற்ற கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்றும் கணித்த கட்டணம் 8 விழுக்காடு என்றும் கொள்வோம். மொத்தக் கட்டணமான 1,600 ரூபாயில் உழவர் 400 ரூபாய் செலுத்துவார். மீதி 1,200 ரூபாயை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

இழப்பீட்டுக் கணக்கு

முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரி விளைச்சலைக் கொண்டு உத்தரவாத மகசூல் முடிவு செய்யப்படுகிறது. அது 800 கிலோ எனவும், பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்தது 600 கிலோ எனவும் கொண்டால், குறைவு 25 விழுக்காடு. 20,000 ரூபாய்க்கு இழப்பீடு 5,000 ரூபாய்.

இந்த மகசூல் தனி ஒருவரின் நிலத்துக்கு உரியதன்று. கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி ஆகும். எனவே ஊர் முழுதும் நன்கு விளைந்து, ஒருவர் வயலை மட்டும் யானைகள் அழித்தால், இந்தச் சராசரிக் கணக்கில் அவருக்கு எதுவும் கிடைக்காது. காட்டை ஒட்டிய ஊர்களில் இது பெரிய குறை.

தரவு அறிவியலாளர்

மழையளவு, செயற்கைக்கோள் படங்கள், பழைய விளைச்சல் பதிவுகள் ஆகியவற்றை ஆராய்ந்து சிறிய பரப்பின் இழப்பையும் அறிய முயல்பவர் தரவு அறிவியலாளர். பரிசோதனைப் பதிவு தவறாயின் எவ்வளவு நுட்பமான கணிப்பும் தவறாகவே முடியும்.

கல்வித் தகுதி

1944இல் தோன்றிய இந்திய ஆக்சுவரி சங்கத்தின் பணியை, 2006ஆம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டத்தின்படி அமைந்த இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் தொடர்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இதன் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். அதன்பின் பல தாள்களில் தேர்ச்சி பெற வேண்டும். கணிதத்தில் ஆர்வமும் பொறுமையும் தேவை. கிராமத்துப் பயிரையும் மழையையும் அறிந்த மாணவர் இத்துறைக்கு வந்தால், எண்களுக்குப் பின்னாலுள்ள வயலையும் அவரால் காண முடியும்.