ஆலைகள் மூடினாலும் மெக்கானோ மோகம் குறையவில்லையே, ஏன்?

ஸ்டோர்ரூமில் தாத்தாவின் பழைய மெக்கானோ பெட்டி இருக்கிறதா? தூக்கிப் போட்டுடாதீங்க!

லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற விளையாட்டுப் பொருள் அது. உலோகப் பட்டைகளில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. அந்த இடைவெளி இன்றுவரை மாறவில்லை. அதனால் தாத்தா காலத்துப் பட்டையோடு புதுப் பட்டையையும் சேர்த்து முடுக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்கிறீர்களா? 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் கடினமான சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தையே மெக்கானோ பாகங்களால் செய்தார்கள்.

லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது. பிரான்சின் கலே நகர ஆலையும் மூடப்படும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. ஆர்வலர்கள் அசரவில்லை. பாரந்தூக்கி, ரயில் எஞ்சின் என்று மாதக்கணக்கில் பூட்டுகிறார்கள். பற்சக்கரம் சிக்கினால், கழற்றிட்டு மறுபடி மாட்ட வேண்டியதுதான். அதில்தான் பாதி சுகமே!

பட்டை துருப்பிடித்திருக்கிறதா? தேய்த்துப் பெயிண்ட் அடிச்சாப் போதும்.