நீரும் நாமும் – 7: வாய் முந்திச் சொல்லும் பொய்

வில்கமுவ கிணறுகள், அந்தப் பக்க விவசாயிகளின் சிறுநீரக நோய் எல்லாம் முன்னைய வாரங்களில் வந்தாயிற்று; தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். உடலில் நீர் குறைவதை வீட்டிலேயே கண்டுகொள்ளும் அடையாளங்களை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் தாகத்தைப் பற்றிய ஒரு விடயம் ஒரு வாரமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

மாத்தளையில் பங்குனி வெயிலில் நடந்து வந்து ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில், தாகம் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி இன்னும் இரைப்பையில். அது குடலுக்கு இறங்கி, உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் உப்புச் செறிவைக் கணிசமாகக் குறைப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இரத்தம் இன்னும் வறண்டபடியே இருக்கிறது. அப்படியானால் தாகத்தைத் தீர்த்தது எது?

2016இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சக்கரி நைட் என்பவரின் ஆய்வுக்குழு எலிகளிடம் இதைப் பார்த்தது. இரத்தத்தின் உப்பை ஓயாமல் கண்காணித்துத் தாகத்தை எழுப்பும் நரம்பணுக்கள் மூளையில் ஓரிடத்தில் இருக்கின்றன. தாகத்தோடு இருந்த எலி தண்ணீரை நக்கத் தொடங்கியதுமே, இரத்தத்தில் எந்த மாற்றமும் வருவதற்கு முன்பே, அந்த அணுக்கள் அமைதியடையத் தொடங்கின. ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், குளிர்ந்த உலோகத்தை வாயில் பட வைத்தபோதும் அவற்றின் துடிப்பு குறைந்தது. குளிர்ச்சியே போதும்! நாக்கு குளிர்ந்ததும், தண்ணீர் வந்துவிட்டது என்று மூளை நம்பிவிடுகிறது.

இரண்டு வருடம் கழித்து, கல்டெக் நிறுவனத்தில் யுக்கி ஓகா என்பவரின் குழு இன்னொன்றைக் கண்டது. தொண்டை மடக்கு மடக்காக விழுங்கும் அசைவும் மூளைக்குச் சேதி அனுப்புகிறது. 2019இல் நைட்டின் குழு மூன்றாவதையும் சேர்த்தது. வயிற்றுக்கும் குடலுக்கும் வந்து சேர்ந்தது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று குடல் அளந்து சொல்கிறது. உப்புத் தண்ணீரைக் குடித்த எலியில் தாக அணுக்கள் முதலில் அடங்கி, சற்று நேரத்தில் மறுபடி விழித்துக்கொண்டன. வாய் முதலில் சொன்னதைக் குடல் திருத்துகிறது. இரத்தத்தின் தீர்ப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது.

இதை வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன அருமையான ஏற்பாடு இது! இரத்தம் சரியாகும்வரை தாகம் அடங்காது என்றிருந்தால், கால் மணி நேரம் நிறுத்தாமல் குடித்துக்கொண்டேயிருப்போம். தேவைக்கு மேல் தண்ணீர் ஏறி, இரத்தத்தின் உப்பு ஆபத்தான அளவுக்குக் கரைந்துவிடும். உடல் முன்கூட்டியே ஒரு மதிப்பீடு செய்து குடிப்பதை நிறுத்துகிறது. பெரும்பாலான நாட்களில் அந்த மதிப்பீடு சரியாகவே இருக்கிறது.

சரியாக இல்லாத நாட்கள்தான் நம்முடைய கவலை. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர்களைப் பாருங்கள். உடம்பு நனைய வியர்த்து வந்தவர் ஒரு ஐஸ் பக்கெட்டைக் கடித்து உறிஞ்சிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போகிறார். கடும் வெயிலில் பாரம் தூக்குகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வியர்வை போவது அதிசயமில்லை. உள்ளே போனதோ ஒரு கைப்பிடி ஐஸ். நாக்கு குளிர்ந்ததால் தாகம் போய்விட்டது. கடன் அப்படியே நிற்கிறது. வெற்றிலையும் இதையே செய்கிறது என்பது என் கணிப்பு. மெல்லும்போது எச்சில் ஊறுகிறது, வாய் வறளவில்லை, ஆகவே தண்ணீர் நினைவே வருவதில்லை. ஐஸ் பக்கெட்டும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குப் பின் தாகம் இல்லையென்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தேத்தண்ணீர் உடம்பிலிருந்து நீரை இறக்கிவிடும் என்று பயப்படுவோரும் உண்டு. நாம் வழக்கமாகக் குடிக்கும் அளவில் பிளேன்டீயும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

வாயை நம்ப முடியாவிட்டால் எதை நம்புவது? சிறுநீரகத்தை. இரத்தத்தின் உப்பு ஒன்றிரண்டு வீதம் உயர்ந்தாலே மூளையின் அடியிலிருந்து ஒரு ஓர்மோன் இறங்கி, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. சிறுநீர் குறைகிறது, நிறம் கூடுகிறது. ஐஸ் கட்டியால் அதை நீண்ட நேரம் ஏமாற்ற முடியாது. 1994இல் அமெரிக்க உடலியலாளர் லோரன்ஸ் ஆம்ஸ்ட்ரோங், வெளிர் மஞ்சளில் தொடங்கிப் பழுப்புப் பச்சையில் முடியும் எட்டு நிறங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டார். விளையாட்டு வீரர்களும் படைவீரர்களும் இன்றுவரை அந்த வகை அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள். நமக்கு அட்டவணையும் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு போல வெளிறி இருந்தால் நல்லது. பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் போதவில்லை. விடிந்ததும் போவது யாருக்கும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பத்து மணிக்கும் மாலையிலும் போவதைப் பாருங்கள். விற்றமின் பி மாத்திரை பளிச்சென்ற மஞ்சளாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும், காசநோய் மருந்து செம்மஞ்சளாக்கும். இவை எதுவும் இல்லாமல், தண்ணீர் நன்றாகக் குடித்த பிறகும் கருமை மாறாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, ரத்தோட்ட, எல்கடுவ பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் மலைக்குக் கொண்டுபோன போத்தல் மாலையில் பாதி நிறைந்தபடி திரும்புவதைக் கண்டு ஒருவரிடம் கேட்டேன்.

"என்னக்கா, தண்ணி அப்படியே இருக்கு?"

"குடிச்சா எங்க தம்பி போறது? பத்தைக்குள்ள அட்டை, பாம்பு. அங்கிட்டு ஆம்பளயாளுக. லயத்துக்கு வந்துதான் எல்லாம்."

பெரட்டுக்குப் போனதிலிருந்து மாலைக் கொழுந்து நிறுக்கும்வரை அடக்கி வைப்பதற்காகவே குடிக்காமல் இருக்கிறார்கள். அடையாளங்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினாலும், மலையில் ஒரு கழிப்பறை இல்லாமல் அது அவர்களுக்கு எப்படி உதவும்? இது அறியாமை அல்ல, தோட்ட நிர்வாகங்கள் கட்டிக்கொடுக்காத நான்கு சுவர்.

அந்தப் பெண்கள் மாலையில் சொல்லும் தலைவலிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே ஆம்ஸ்ட்ரோங்கின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பெண்கள் உடல் எடையில் 1.36 வீதம் நீர் இழந்தபோதே தலைவலி கூடியது, மனம் சோர்ந்தது, செய்கிற வேலை கடினமாகத் தெரிந்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 680 கிராம், முக்கால் லீற்றருக்கும் குறைவு. பின்னேரம் வரும் தலைவலி, காரணமில்லாத எரிச்சல், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, மதியத்துக்குப் பின் ஒருமுறையும் சிறுநீர் போகாதது. இவை சேர்ந்து வந்தால் பெனடோலைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு வரும் பெரியவர்களோடு போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஐந்து தேரும் வலம்வந்து முடியும்வரை வெயிலில் நிற்பது சின்னக் காரியமல்ல. தண்ணீர்ப் பந்தலில் தரும் உப்புப் போட்ட மோரை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

மாத்தளைக்கும் தாகத்துக்கும் உள்ள உறவு இன்று தொடங்கியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காட்டினூடாக, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். ஏறக்குறைய 150 மைல். வழியெங்கும் பிணங்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. கொன்றது வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி என்று எழுதியிருப்பார்கள். வாந்திபேதி கொல்வது எப்படி? உடலின் நீரையும் உப்பையும் மணிக்கு ஒரு லீற்றர்வரை வெளியேற்றித்தான். கண் குழிந்து, குரல் அடைத்து, கிள்ளிய தோல் மடிந்தபடி நிற்க, சில மணி நேரத்தில் முடித்துவிடும். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் அதே தடத்தில்தான் வந்தது. அதே கச்சான் காற்று, அதே வெயில். வழியில் ஊர் ஊராக மக்கள் தண்ணீரும் உணவும் தந்து வரவேற்றார்கள். முதலில் நடந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

கிள்ளிய தோல் என்றேன். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு, உடனே படிகிறதா என்று பார்க்கும் சோதனை பலருக்குத் தெரியும். இளையவர்களிடம் அது ஓரளவு சரி. எழுபது வயதுத் தோல் தண்ணீர் போதுமாக இருந்தாலும் மெதுவாகத்தான் படியும். அவர்களிடம் நாக்கையும் உள்வாயையும் பாருங்கள், பேச்சு தடுமாறுகிறதா, திடீரென்று ஆள் குழம்புகிறாரா என்று கவனியுங்கள். முதியவர்களுக்குத் தாகமே குறைவு. 1984இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 67 முதல் 75 வயதுவரையான ஆரோக்கியமான ஆண்களையும் இளைஞர்களையும் ஒரு முழு நாள் தண்ணீரில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் வறண்டிருந்தும் முதியவர்கள் பெரிதாகத் தாகம் என்று சொல்லவில்லை; தண்ணீரைக் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். ஆகவே அப்பாயியிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்பார். நிரப்பிக் கையில் கொடுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவே அளவு.

குழந்தைகளைப் பற்றியும் இந்த வாரமே எழுத நினைத்திருந்தேன். இடம் முடிந்தது. கண்ணீரில்லாமல் அழும் குழந்தை, பள்ளமாகும் உச்சிக்குழி, ஆறு மணி நேரமாக நனையாத துணி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த இதழுக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஜீவனி பக்கெட்டுக்குள் உப்போடு சர்க்கரை ஏன் இருக்கிறது என்பதையும், நம் முன்னோர் அந்தக் காட்டுவழியில் விழத் தொடங்கிய அதே காலத்தில், 1832இல், ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தோமஸ் லாட்டா என்ற மருத்துவர் வாந்திபேதி நோயாளியின் நாளத்தில் உப்புத் தண்ணீரை ஏற்றிப் பார்த்ததையும் அடுத்த வாரம் சொல்கிறேன்.